முட்டைக்கோஸ் எந்த இடத்தில் தவறியது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி இடம். எட்டு வருடமாக அதில் விதையிலிருந்து முட்டைக்கோஸ் வளர்க்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மலைக்காய் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற மாவட்டம் இது. அதனால் "இதை எதற்கு வீட்டில் போடுகிறீர்கள்" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிலேயே நாலைந்து பேர் இப்போது தாங்களும் போட்டுவிட்டு, வருடா வருடம் அதே கேள்விகளோடு வருகிறார்கள். அந்தக் கேள்விகளைத்தான் அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

ஒன்றை மட்டும் எல்லோரும் முதலில் பார்த்துவிடுங்கள்: விதைத்த தேதி. சமவெளியில் ஆவணி பாதியிலிருந்து புரட்டாசி முடிவதற்குள், அதாவது செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதைத்தால் மார்கழிக் குளிரில் காய் உருளும், பொங்கலை ஒட்டி வெட்டலாம். இந்தக் கணக்கைத் தாண்டி விதைத்தவர்களுக்குக் கீழே சொல்லும் வைத்தியம் பாதிதான் பலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

## விதை போட்டுப் பத்து நாள் ஆகியும் முளைக்கவில்லை

நல்ல விதை 4 முதல் 7 நாளில் முளைத்துவிடும். பத்து நாளுக்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை.

குழித்தட்டின் ஒரு குழியைக் கிளறிப் பாருங்கள். விதையே இல்லையென்றால் எறும்பு. கடுகளவு விதை, எறும்புக்குத் தூக்க எளிது. தட்டை நாலு செங்கல் மேல் வைத்து, செங்கல்லைச் சுற்றி மஞ்சள்தூளோ சாம்பலோ தூவி மறுபடி விதையுங்கள்.

விதை இருக்கிறது, ஊதி அழுகியிருக்கிறது என்றால் தண்ணீர் அதிகம். தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் அது நாற்றுக்கு ஆகாது.

முளை வந்திருக்கிறது, மேலே வரவில்லை என்றால் ஆழம். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். வெறும் செம்மண்ணில் போட்டிருந்தால் மேல்மண் ஓடு கட்டியிருக்கும். பூவாளியால் லேசாக நனைத்து விரல்நுனியால் உடைத்துவிடுங்கள், நிறைய பிழைத்து வரும்.

விதை போட்டபடியே இருக்கிறது என்றால் விதையில்தான் கோளாறு. மிச்ச விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்து டிபன் பாக்ஸில் வைத்து ஐந்து நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடலாம். வாங்கும்போதே பாக்கெட்டில் பரிசோதனைத் தேதியும் எதுவரை செல்லும் என்ற தேதியும் பாருங்கள். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. ஒரு முறை கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து, இரண்டு தட்டு விதைத்து, பதினைந்து நாள் போன பிறகுதான் தேதியைப் பார்த்தேன். முந்தின வருட விதை. பணத்தை விட, போன பதினைந்து நாள்தான் பெரிய நஷ்டம். புரட்டாசி திரும்பி வராது.

சமவெளியில் செடியை விட்டுவைத்து விதை எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. பூப்பதற்கு அது வாரக்கணக்கில் கடுங்குளிர் கேட்கும். விதைக்குக் கடைதான்.

## முளைத்த நாற்று கழுத்தோடு சாய்கிறது

குனிந்து தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஊசி முனையால் கிள்ளிவிட்டதுபோல அந்த ஒரு இடம் மட்டும் இளைத்து, நீர் கோத்து, பழுப்பாக இருக்கும். மேலே முதலில் விரிந்த இரண்டு வித்திலையும் பச்சையாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். நாற்றழுகல் இது. இன்று தட்டின் ஒரு மூலையில் மூன்று சாய்ந்தால், விட்டுவிட்டால் நாளன்றைக்கு அரைத் தட்டு.

சாய்ந்ததை மண்ணோடு எடுத்து எறியுங்கள். தண்ணீரை ஒரு நாள் நிறுத்துங்கள். தட்டைக் காற்றோட்டமான, வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மாலையில் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் அடுத்த தடவை விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை விதையில் ஒரு சிட்டிகை புரட்டி, நாற்றுக் கலவையிலும் கலந்துவிடுங்கள். வந்த பிறகு போட்டால் அது அவ்வளவாகக் கேட்காது.

ஐப்பசி அடைமழை நாற்றின் மேல் நேராக விழுந்தால் எந்த மருந்தும் நிற்காது. நாலு குச்சி நட்டு மேலே ஒரு பாலித்தீன் தாள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

## நாற்று ஒல்லியாக நீண்டுகொண்டே போகிறது

வெளிச்சம் போதவில்லை, வேறொன்றுமில்லை. ஜன்னலோரத்திலிருந்தும் நிழல்வலைக்கு அடியிலிருந்தும் தட்டை எடுத்துக் காலை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, நாலைந்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். நடும்போது வித்திலை இருந்த கணு வரை மண்ணுக்குள் போகட்டும். முட்டைக்கோஸ் இதைத் தாங்கும்.

## நட்ட நாற்று காலையில் அறுந்து கிடக்கிறது

கத்தரியால் வெட்டியதுபோல மண்மட்டத்தில் அறுந்து, மேல்பகுதி பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு. அன்று காலையே, வெயில் ஏறுவதற்குள், செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த புழு வட்டமாகச் சுருண்டு கிடக்கும். ஒரே புழு ஒரு இரவில் மூன்று நாலு செடியை முடித்துவிடும், அதனால் அதைக் கண்டுபிடிக்காமல் மாற்று நாற்று நடாதீர்கள். அப்புறம் அடி திறந்த காகிதக் கப்பை ஒவ்வொரு நாற்றுக்கும் கழுத்துப்பட்டைபோல மாட்டி ஓர் அங்குலம் மண்ணில் புதைத்துவிட்டால் போதும்.

அறுந்த செடி காணவே இல்லை, பக்கத்தில் பளபளவென்று காய்ந்த கோடு இருக்கிறது என்றால் நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. ஈரச் சாக்கை ஒரு மூலையில் போட்டு வைத்தால் காலையில் அதனடியில் கூடியிருக்கும்.

அறுபடவில்லை, வெறுமனே தொங்கிப்போய்விட்டது என்றால் நடவு வெயிலில் நடந்திருக்கும். மாலையில் நட்டு, மூன்று நாளுக்குத் தென்னங்கீற்று நிழல் கொடுங்கள். 25 முதல் 30 நாள் ஆன, நாலைந்து இலை விட்ட நாற்றே நடவுக்குச் சரி. நாற்பது நாள் தட்டிலேயே இருந்த நாற்று தலையெடுக்கப் பாடுபடும்.

## இலையெல்லாம் ஓட்டை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நேராக மருந்துக் கடைக்குப் போகிறார்கள். தயவுசெய்து முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையின் வடிவமே யார் தின்றது என்று சொல்லிவிடும்.

ஓட்டையில் கண்ணாடித் தாள்போல மெல்லிய தோல் மிச்சமிருக்கிறது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அரை அங்குலம்கூட இராது, வெளிர்பச்சை, இரண்டு முனையும் கூர். விரலால் தொட்டால் துடித்துப் பின்வாங்கி, இலையிலிருந்து நூல் விட்டுத் தொங்கும். அந்தத் துடிப்பைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் சரிபார்க்க வேண்டியதில்லை.

முப்பது செடி வரை கையாலேயே முடியும். வாரம் இரண்டு தடவை, காலையில், ஒவ்வொரு இலையின் அடியையும் துடைத்து நசுக்குங்கள். அப்போது ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். வலைபோன்ற மெல்லிய கூட்டுக்குள் பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சி, நசுக்கலாம். அரிசிக் குருணைபோல உள்ளே எதுவும் தெரியாத கெட்டியான வெள்ளைக் கூடு இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் புழுவையே தின்று வளர்ந்த சிறு குளவியின் கூடு அது. எங்கள் தோட்டத்தில் அந்தக் குருணை தென்பட ஆரம்பித்த பிறகு புழு தானாகவே குறைவதை மூன்று பருவம் பார்த்துவிட்டேன்.

கையால் முடியவில்லையென்றால் வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். இதோடு காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் கட்டாயம் சேர்க்க வேண்டும். முட்டைக்கோஸ் இலையின் மேல் சாம்பல் பூத்ததுபோல ஒரு மெழுகு இருக்கிறது. சோப்பு இல்லாமல் அடித்தால் கரைசல் முத்து முத்தாக உருண்டு கீழே கொட்டிவிடும். "வேப்பங்கொட்டை அடித்தேன், கேட்கவில்லை" என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் சோப்பை விட்டவர்கள். மாலையில் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனையட்டும்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து கிடைக்கும். அளவு உறையில் உள்ளபடி, அதையும் மாலையில். கடையில் சொல்லும் கடும் பூச்சிமருந்துகளுக்கு வீட்டுத் தோட்டத்தில் நான் போகவே மாட்டேன். 1950-களிலேயே ஜாவாவில் டி.டி.டி. பூச்சிமருந்துக்குப் பழகிக்கொண்ட பூச்சி இது. எந்த மருந்துக்கும் சீக்கிரம் தேறிவிடும், செத்துப்போவது குளவிதான்.

அடுத்த வருடத்துக்கு ஒரு ஏற்பாடு: நாற்று நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே அஞ்சறைப்பெட்டிக் கடுகை ஓரத்தில் ஒரு வரிசை தூவிவிடுங்கள். அந்துப்பூச்சி கடுகில்தான் முதலில் முட்டை வைக்கும். கடுகுச் செடியில் மட்டும் மருந்தடித்தால் போதும். நட்ட 25-ஆம் நாள் இன்னொரு வரிசை.

பெரிய ஓட்டை, கரும்பச்சை எச்சம், இலையடியில் ஒரு கும்பல் குட்டிப்புழு. இது புரோடீனியா என்ற புழு. பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலாகவே கண்ணில் படும். அந்த ஒரு இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் நூற்றுக்கணக்கில் ஒழிந்தது.

ஓட்டை இல்லை, இலை சுருள்கிறது, அடியில் சாம்பல் மாவுபோல அப்பியிருக்கிறது. அசுவினி. முதலில் தண்ணீர்க் குழாயால் வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் விடாமல் செய்து நிற்காவிட்டால், ஒரு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், அதோடு சோப்பு. ஒரே ஒரு செடியில் மட்டும் அடர்ந்திருந்தால் அதைப் பிடுங்கிவிடுவதே மேல்.

## நடுக்குருத்து காணவில்லை, பக்கத்தில் குட்டிக் குட்டியாக முளைக்கிறது

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் வருகிற கேடு இது. காய் பிடிக்காதபோதுதான் பலர் கவனிக்கிறார்கள். குருத்தைப் பிரித்தால் வெள்ளை நூல் கட்டி, உள்ளே கோடு போட்ட சிறு புழு இருக்கும். காய் உருள வேண்டிய முனையைத் தின்றுவிட்டதால் பக்க மொட்டுகள் எழும்பி, எலுமிச்சை அளவில் நாலைந்து காய் வைக்கும்.

நடவிலிருந்து முதல் முப்பது நாள், தினம் காலையில் ஒவ்வொரு செடியின் குருத்தையும் ஒரு நொடி பாருங்கள். முழுத் தோட்டத்துக்கும் ஐந்து நிமிடம். நூல் தெரிந்தால் குச்சியால் புழுவை எடுத்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசலைக் குருத்துக்குள்ளேயே இரண்டு சொட்டு விடுங்கள். குருத்து போய்விட்டது, நட்டு இருபது நாளுக்குள்தான் ஆகிறது என்றால் பிடுங்கிவிட்டு மாற்று நாற்று நடுங்கள். இதற்காகவே ஐந்தாறு நாற்றைத் தட்டில் வைத்திருப்பேன். அதற்கும் மேல் நாளாகிவிட்டால் பக்கக் கிளைகளில் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். காய் சிறுத்தும் தாமதமாகவும் வரும், ஆனால் வரும்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த வடிவில் என்பதுதான் கேள்வி.

அடி இலைகள் முழுதாக வெளிறி, மேலே பச்சை என்றால் தழைச்சத்துக் குறை. கடலைப் புண்ணாக்கு ஒரு பிடியை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு அரை லிட்டர். பத்து நாளில் நிறம் திரும்பும். ஒன்றிரண்டு அடி இலை மட்டும் என்றால் அது முதுமை, கிள்ளிப் போடுங்கள்.

செடி முழுதும் மஞ்சளாகி, விரலை விட்டால் இரண்டு அங்குலத்தில் சேறு தட்டினால் தண்ணீர் தேங்குகிறது. மேட்டுப்பாத்தியாக்குங்கள். வளர்ப்புப் பையென்றால் அடித்துளை அடைத்திருக்கும்.

இலையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கி, அதற்குள் நரம்பு கருத்திருந்தால் நிதானமாகப் படியுங்கள். அந்த இலையின் காம்பை அறுத்துக் குறுக்கே பாருங்கள். கறுப்பு வளையமோ புள்ளிகளோ தெரிந்தால் கருப்பு அழுகல். பாக்டீரியா நோய், செடிக்குள் ஏறிய பிறகு வைத்தியம் இல்லை. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலை ஈரமாக இருக்கும்போது மற்றச் செடிகளைத் தொடாதீர்கள், கையிலேயே பரவும். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம். விதை வழியாகவும் வருகிறது. விதையை 50 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து எடுக்கும் முறை உண்டு, ஆனால் வீட்டில் சூட்டை அப்படிப் பிடித்து வைப்பது கடினம், இரண்டு டிகிரி கூடினாலும் முளைப்பு போய்விடும். நம்பிக்கையான புதுப் பாக்கெட் வாங்குவதே எளிது. நாலில் ஒரு பங்குச் செடிக்கு மேல் இப்படி இருந்தால் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

## மதியம் வாடுகிறது

மாலையில் நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். அகன்ற இலை, வெயில் அதிகம், அவ்வளவுதான். நண்பகலில் பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மண் ஈரமாக இருந்தும் மாலையிலும் நிமிரவில்லையென்றால் ஒரு செடியைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். மண்வெட்டியால் அகலமாகத் தோண்டி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள்.

- வேர் கடிபட்டு, மண்ணில் வெள்ளையாக வளைந்த புழு இருந்தால் வேர்ப்புழு. மக்காத சாணியோடு வந்திருக்கும். பாத்தியைக் கிளறிப் பொறுக்குங்கள்.
- மெல்லிய வேர்களில் மணி கோத்ததுபோல முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. இந்தப் பருவத்தை ஒப்பேற்றிவிட்டு, அடுத்து அந்த இடம் முழுக்கத் துலுக்கச் சாமந்தி போட்டு மண்ணில் மடக்கிவிடுங்கள்.
- வேரே இஞ்சிக் கிழங்குபோலப் பருத்துத் திரண்டிருந்தால் வேர் வீக்க நோய். நீலகிரி போன்ற குளிர்ந்த, புளிப்புத்தன்மை உள்ள மண்ணில் வருவது. சமவெளியில் அரிது. மலையிலிருந்து மண்ணோடு நாற்று வாங்கி வந்தவர்கள் கவனிக்க வேண்டும். அதன் வித்து மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். இதை நீங்களாக முடிவுசெய்யாமல் வேரோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

## செடி அமோகமாக இருக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் மனசு விட்டுப்போவதும் இதில்தான். முதலில் நாளைக் கணக்கிடுங்கள். கோல்டன் ஏக்கர் போன்ற முன்பட்ட ரகம் நட்ட 60, 65 நாளில் காய் தரும். மற்றவை 80, 90 நாள்கூட எடுக்கும். ஐம்பதாவது நாளில் உள்ளிலைகள் குவிந்து ஒன்றையொன்று தழுவத் தொடங்கியிருந்தால் பொறுத்திருங்கள்.

குவியவே இல்லையென்றால் வெயிலைக் கவனியுங்கள். காலை முதல் மாலை வரை ஒரு செடியின் மேல் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்துப் பாருங்கள். ஆறு மணி நேரம் வேண்டும். மாமரத்து நிழலில் இலைதான் வளரும். அடுத்தது இடைவெளி. ஒன்றரை அடிக்கு ஒரு செடி, அதைவிட நெருங்கினால் இலை இலையை மறைக்கும். வளர்ப்புப் பை ஓர் அடி ஆழமாவது இருக்கட்டும், ஒரு பைக்கு ஒரே செடி.

பிறகு உரம். வாராவாரம் புண்ணாக்குத் தண்ணீரும் மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த உரம்) ஊற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலை கருகருவென்று அகலும், உருண்டை தளர்ந்தே நிற்கும். நட்ட நாற்பதாவது நாளுக்கு மேல் நான் அதைக் கொடுப்பதில்லை. செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் வைத்து மண் அணைத்துவிடுவேன்.

இவையெல்லாம் சரி, காய் மட்டும் இல்லை என்றால் மிச்சம் சூடுதான். முட்டைக்கோஸ் நன்றாக உருள்வது 15 முதல் 20 டிகிரியில். சமவெளியில் மார்கழி, தை இரவுகள்தான் அதற்குக் கிட்டத்தில் வரும். நவம்பர் கடைசியில் விதைத்தவர்களுக்குக் காய் பிடிக்கும் நேரம் மாசி வெயிலில் போய் விழும். அதை இந்த வருடம் திருப்ப முடியாது. இளம் இலைகளைப் பொரியலுக்குப் பறித்துக்கொண்டு செடியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வெப்பம் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கி, புரட்டாசிக்குள் விதையுங்கள். மலைக்கான ரகத்தைச் சமவெளியில் போட்டுவிட்டு உரத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய.

## காய் வெடிக்கிறது

முற்றிய காய்க்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கிடைத்தால் வெடிக்கும். நாலு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் நிறைய ஊற்றுவது, அல்லது திடீர் மழை. கட்டைவிரலால் மேலே அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்கவில்லையென்றால் அன்றே வெட்டிவிடலாம். ஒரே நாளில் இத்தனை காய் வேண்டாம் என்றால், இரண்டு கையாலும் காயைப் பிடித்துச் செடியைக் கால் சுற்று திருப்பிவிடுங்கள். அடியில் சில வேர்கள் அறுபடும் சத்தம் கைக்குத் தெரியும். தண்ணீர் ஏறுவது குறைந்து ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். வெடித்த காயையும் சமைக்கலாம், உள்ளே பூச்சி புகுவதற்குள் பயன்படுத்திவிடுங்கள்.

## வெட்டினால் தண்டுக்குள் பொந்து

அழுகல் வாடை இல்லாமல், பழுப்பேறிய பொந்து மட்டும் என்றால் போரான் குறை. அடுத்த பயிருக்கு ஒரு லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து, நட்ட முப்பதாவது நாள் ஒரு தடவை இலையில் தெளியுங்கள். அளவைக் கூட்டாதீர்கள், போரான் கூடினால் இலை கருகும். இரண்டு வருடம் தொடர்ந்து வந்தால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஆப்பு வடிவ மஞ்சள் பரவினால், வேர் கிழங்குபோலத் திரண்டிருந்தால், இரண்டு தடவை வேப்பங்கொட்டைக் கரைசலும் பாக்டீரியா மருந்தும் அடித்தும் புழு நிற்காவிட்டால், அல்லது மேலே சொன்ன எதிலும் உங்கள் செடி பொருந்தாவிட்டால், மேற்கொண்டு நீங்களாக எதையும் வாங்கி ஊற்றாதீர்கள். 1800-180-1551 உழவர் அழைப்பு மையம், காலை 6 முதல் இரவு 10 வரை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகமோ மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையமோ போகலாம். வீட்டுத் தோட்டம்தானே என்று தயங்க வேண்டாம், பார்த்துச் சொல்வார்கள்.

போகும்போது நோயுள்ள செடி ஒன்றை வேரோடும் ஒட்டிய மண்ணோடும் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே வியர்த்து அழுகி, எது நோய், எது பை செய்தது என்று அவர்களுக்கே தெரியாது. கூடவே நல்ல செடியின் இலை ஒன்றும், ஒரு துண்டுச் சீட்டில் ரகம், விதைத்த தேதி, நட்ட தேதி, இதுவரை அடித்த மருந்துகளின் பெயரும் அளவும். அவர்கள் கேட்கும் முதல் நாலு கேள்விக்கும் பதில் அந்தச் சீட்டிலேயே இருக்கும்.